இழுத்து முடுக்கினால் விரிசல்தான்: கிட் கார் ஃபைபர் பேனல்கள் குறித்த வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் வாழும் நம் வாசகர்களில் சிலர் வீட்டு கேரேஜிலேயே கிட் கார் (உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பொருத்திக்கொள்ளும் கார்) கட்டி வருகிறார்கள். அந்நாட்டில் இது பழைய வழக்கம். லோட்டஸ் நிறுவனம் 1957இல் ‘செவன்’ காரை உதிரிப் பாகங்களாகவும் விற்கத் தொடங்கியபோது, முழு வண்டிக்குரிய கொள்முதல் வரி அதற்கு இல்லை என்பதே பலரை ஈர்த்தது. 1973இல் அந்த வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தது. செவனைத் தயாரிக்கும் உரிமையும் அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிச் சலுகை போன பின்னும், தன் காரைத் தானே கட்டும் ஆசை அங்கு குறையவில்லை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபைபர் உடற்பாகங்களைப் பொருத்துவதில் வரும் சிக்கல்களைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்: செவன் வடிவக் கிட் காரின் பின் மட்கார்டுகளைப் போல்ட் போட்டு இறுக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் நட்சத்திரம் போல மெல்லிய விரிசல்கள் ஓடியிருக்கின்றன. வண்டி இன்னும் சாலையில் இறங்கவே இல்லை. பேனல் தரமற்றதா, அல்லது என் வேலையில்தான் தவறா?

பேனலைக் குறை சொல்லும் முன் போல்ட்டுகளைக் கவனிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் விரிசல்கள் எல்லாம் துளையின் விளிம்பில் தொடங்கி வெளியே ஓடுகின்றன. பேனலே மோசமாக இருந்தால், துளை இல்லாத இடங்களிலும் விரிசல் சிதறிக் கிடக்கும்.

வெளியே பளபளப்பாகத் தெரியும் ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள வெறும் பாலியெஸ்டர் ரெசின். அதற்குள் கண்ணாடி இழை கிடையாது. அதன் பின்னால் உள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) அடுக்குகள் வளைந்து கொடுக்கும், ஜெல்கோட் வளைந்து கொடுக்காது. மட்கார்டின் விளிம்புக்கும் வண்டியின் பக்கச் சுவருக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, அதை நீங்கள் நட்டை முடுக்கியே மூடியிருந்தால், அந்த இரண்டு மில்லிமீட்டர் வளைவு முழுவதும் போல்ட்டைச் சுற்றிய ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த இடத்து ஜெல்கோட் வெடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. நானும் என் முதல் வண்டியில் இதே தவறைச் செய்தேன். இரவு பதினொரு மணிக்கு, எப்படியும் இன்றே முடித்துவிட வேண்டும் என்று இடது மட்கார்டை நெருக்கி இறுக்கிவிட்டுப் படுத்தேன். முதல் உறைபனிக் காலையில் கேரேஜைத் திறந்து பார்த்தபோது ஐந்து போல்ட்டுகளில் நான்கைச் சுற்றி விரிசல் இருந்தது. அன்று மனம் மிகவும் நொந்துபோனது, ஆகவே உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

அந்த விரிசல் உறைபனியன்று வந்ததற்கும் காரணம் உண்டு. வெப்பம் ஒரு டிகிரி மாறும்போது இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. மேட் வைத்து உருவாக்கிய ஃபைபர் ஏறத்தாழ 28 பங்கு மாறுகிறது. கோடை வெயிலில் சூடேறிய பேனலுக்கும் பனிக்கால இரவில் குளிர்ந்த பேனலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று கொண்டால், ஒரு மீட்டர் நீளத்தில் ஃபைபர் 1.4 மி.மீ. மாறும், அதன் கீழுள்ள இரும்புச் சட்டம் 0.6 மி.மீ. மட்டுமே மாறும். மீதி 0.8 மி.மீ. எங்கே போகும்? 6 மி.மீ. போல்ட்டுக்குச் சரியாக 6 மி.மீ. துளையே போட்டிருந்தால், அது போக இடமில்லாமல் துளையின் விளிம்பை நெரிக்கும்.

ஆகவே 6 மி.மீ. போல்ட்டுக்கு ஃபைபரில் 8 மி.மீ. துளை போடுங்கள். நீண்ட பேனலாக இருந்தால் நடுவில் உள்ள ஒரு துளையை மட்டும் அளவாக வைத்துக்கொண்டு, இரு கோடிகளிலும் உள்ளவற்றை நீள்துளைகளாக அரத்தால் இழைத்துவிடுங்கள். துளை போடும் முறையிலும் கவனம் வேண்டும். ஜெல்கோட் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பின்னால் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்து, ட்ரில்லை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழலவிட்டு ஜெல்கோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே, நேர்த்திசையில் துளைக்க வேண்டும். தொடக்கத்திலேயே நேர்த்திசையில் அழுத்தினால், ட்ரில்லின் முனை ஜெல்கோட்டைக் கடித்துப் பெயர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு பெயர்ப்புகள்தாம் பின்னாளில் விரிசலாக நீள்கின்றன. துளைத்த பின் விளிம்பை உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள்.

உட்புறத்தில் 25 மி.மீ. விட்டமுள்ள அகல வாஷரும், அதற்கும் பேனலுக்கும் இடையே ஒரு ரப்பர் வாஷரும் கட்டாயம் வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். மட்கார்டுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பைப்பிங் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகு, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கத் தொடங்கும் இடத்தில் ஸ்பேனரை எடுத்துவிட வேண்டும். நைலான் வளையமுள்ள நட்டு போட்டால், அதற்கு மேல் இறுக்காவிட்டாலும் கழன்றுவிடாது.

ஏற்கெனவே விழுந்த விரிசல்களை மேலோட்டமாகப் பட்டி போட்டு மூடினால், அடுத்த குளிரில் அதே இடத்தில் மீண்டும் வரும். மட்கார்டைக் கழற்றி, முதலில் பின்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடை) இரண்டு அடுக்கை ரெசினோடு ஒட்டிப் பலப்படுத்துங்கள். பிறகு முன்பக்கம் ஒவ்வொரு விரிசலையும் சிறிய கிரைண்டரால் மேட் தெரியும்வரை ‘வி’ வடிவில் திறந்து, அசிட்டோனால் துடைத்து, அதே நிறத்து ஜெல்கோட்டால் நிரப்ப வேண்டும். காற்றுப்படும் ஜெல்கோட் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், அதன் மேல் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிடுங்கள். இறுகிய பின் 400, 800, 1200 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் போதும்.

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்: பேனல்கள் வந்து ஓராண்டு ஆகிறது. வேலைப்பளுவால் அவற்றைத் தோட்டத்துக் கொட்டகையில் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இப்போது டேஷ்போர்டின் மேல் வரும் ஸ்கட்டில் பகுதியை வைத்தால், மூன்று மூலைகள் படிகின்றன, நான்காவது மூலை 8 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. போல்ட் போட்டு இழுத்துவிடலாமா?

இழுக்கவே கூடாது. மேலே லெஸ்டர் வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும், அதுவும் 8 மி.மீ. அளவுக்கு.

அச்சிலிருந்து எடுத்த பேனல் அன்றே முழுமையாக இறுகிவிடுவதில்லை. தொட்டால் கெட்டியாக இருந்தாலும், வாரக்கணக்கில் உள்ளே மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். அந்தப் பச்சைப் பருவத்தில் அது எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த வடிவத்தையே தனதாக்கிக்கொள்ளும். சுவரில் சாய்த்தால் தன் எடையிலேயே தொய்ந்து முறுக்கேறும். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு என் வேண்டுகோள்: வேலை தொடங்க ஓராண்டு ஆனாலும் பரவாயில்லை, பேனல்கள் வந்தவுடன் அவற்றைச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மேலேயே அதனதன் இடத்தில் வைத்துவிடுங்கள். சேசிஸ் இன்னும் வரவில்லை என்றால், தரையில் போர்வை விரித்து, விளிம்பு முழுவதும் தாங்கும்படி படுக்க வையுங்கள்.

உங்கள் நிலையில், முறுக்கு ஸ்கட்டிலில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறதா, நான்கு சக்கரங்களில் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சமதளத்தில், நான்கு சக்கரங்களில், எஞ்சினுடன் அல்லது எஞ்சின் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளுடன் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும். முன்னிருந்து பின்வரை நடுக்கோட்டில் ஒரு நூலைக் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கொத்தனார் வீடு கட்டும்போது செய்யும் அதே வேலைதான் இது. எந்த அளவையும் சேசிஸ் குழாயிலிருந்தே எடுங்கள், பக்கத்துப் பேனலிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பேனலின் பிழையை வைத்து அடுத்ததை அளந்தால், பிழை வண்டியின் கோடிவரை வளர்ந்துகொண்டே போகும்.

சேசிஸ் நேராக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. கோடைகாலமாக இருந்தால், ஸ்கட்டிலை அதன் இடத்தில் வைத்து, தூக்கி நிற்கும் மூலையின் மேல் ஒரு சிறு மணல் பையை வைத்து, வெயிலில் சில நாள்கள் விட்டுப் பாருங்கள். குளிர்காலமானால், கேரேஜுக்குள் ஃபேன் ஹீட்டர் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பல மணி நேரம் வைத்து, எடையை எடுக்காமலேயே ஆறவிடுங்கள். பாதி இறங்கினாலும் நல்லதே. பையின் எடை ஒரு பெரிய பரப்பில் விழ வேண்டும், கிளாம்ப் போட்டு ஒரு புள்ளியில் நெரிக்கக் கூடாது.

அதற்கும் மசியவில்லை என்றால், வெட்டித்தான் ஆக வேண்டும். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் ஃபைபரின் பெரிய வரமே வெட்டி ஒட்டலாம் என்பதுதான். வெளியே தெரியாத உள்மடிப்பில், முறுக்கு அடங்கியிருக்கும் இடத்தில் ஒரு கீறல் வெட்டினால், பேனல் தானாகவே தளர்ந்து படியும். படிந்த நிலையிலேயே கீறலின் இரு பக்கமும் 50 மி.மீ. அகலத்துக்குச் சொரசொரப்பாக்கி, பின்பக்கம் 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு ஒட்டி, முழுவதும் இறுகிய பிறகே கழற்றுங்கள். மீதமிருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைப் பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் தகடு கொடுத்து நிரப்பிவிடலாம்.

வரிசையும் முக்கியம். செவன் வடிவ வண்டியில் பானெட், ஸ்கட்டிலின் மேலும் மூக்குப் பகுதியின் மேலும் படுத்திருக்கும் பாலம் போன்றது. கரைகள் இரண்டையும் முதலில் நிலைநிறுத்திய பிறகே பாலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர்: கோப்ரா வடிவக் கிட் ஒன்றைப் பாதி கட்டிய நிலையில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளி ஓரிடத்தில் 2 மி.மீ., இன்னோரிடத்தில் 9 மி.மீ. ஒரு பணிமனையில் காட்டியபோது, “பட்டி போட்டு நிரப்பிவிடலாம்” என்றார்கள். அது சரிதானா?

பட்டியை மட்டும் நம்பினால், கதவை நாலு முறை அறைந்து சாத்தியதும் விளிம்பு பெயர்ந்து விழும். மூல கோப்ராவின் உடற்பகுதி, இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனம் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கியது. அலுமினிய விளிம்பு விலகியிருந்தால் தட்டி நகர்த்தலாம். ஃபைபரைத் தட்டி நகர்த்த முடியாது, சேர்க்கவோ தேய்க்கவோதான் முடியும். எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை. வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, கதவு இடைவெளியை எட்டு இடங்களில் அளந்து டேப்பின் மேல் எழுதிவையுங்கள். பிறகு முன்பக்கத்து ஒரு மூலையில் மட்டும் ஜாக்கியை வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கி, மீண்டும் அளந்து பாருங்கள். கூரையில்லாத வண்டியில் கதவுத் திறப்புதான் மிகவும் பலவீனமான இடம். அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், கோளாறு சேசிஸிலோ, உடற்பகுதியைச் சேசிஸோடு பிணைத்த இடங்களிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விளிம்பில் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை.

அளவு மாறவில்லை என்றால், கீல்களுக்கு வாருங்கள். கதவைக் கீலில் மாட்டி, பூட்டையும் அதன் கொக்கியையும் பொருத்தி, கதவோரத்து ரப்பர் பட்டையான பீடிங்கையும் ஒட்டிய பிறகே இடைவெளியைப் பார்க்க வேண்டும். பலர் பீடிங்கைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அதை ஒட்டியதும், அது கதவை வெளியே தள்ளி, மாதக்கணக்கில் தேய்த்துச் சமப்படுத்திய பரப்பை 3 மி.மீ. வெளியே நிறுத்திவிடும். இதில் ஏமாந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பீடிங்கோடு சாத்திய கதவு, சுற்றியுள்ள பரப்போடு வழுவழுவென்று சேர்ந்து நிற்கும்வரை கீலுக்கடியில் மெல்லிய தகடுகள் கொடுத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள். கதவே முறுக்கிக்கொண்டிருந்தால் ஹாரோ வாசகருக்குச் சொன்ன கீறல் வைத்தியத்தைக் கதவின் உள்தோலுக்கும் செய்யலாம்.

இதற்கெல்லாம் பிறகு எஞ்சும் வித்தியாசமே உண்மையான வித்தியாசம். 9 மி.மீ. பெரும்பாலும் 6 ஆகக் குறைந்திருக்கும். இடைவெளியை 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 4க்குக் கீழே போனால், பிரைமரும் பெயின்ட்டும் இரு விளிம்பிலும் ஏறிய பின் கதவு உரசும். அதிக இடைவெளி உள்ள இடத்தில், கதவின் விளிம்பில் ஜெல்கோட்டை 25 மி.மீ. அகலத்துக்குத் தேய்த்து மேட் தெரியும்படி செய்யுங்கள். எதிர்விளிம்பில் பழுப்புப் பார்சல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள், அதில் ரெசின் பிடிக்காது. மேட்டைக் கத்தரித்து இழை இழையாகப் பிய்த்து ரெசினில் குழைத்து, அந்தக் கூழால் விளிம்பை நிரப்புங்கள், அல்லது இழை கலந்து விற்கும் பட்டியைப் பயன்படுத்துங்கள். இறுகியதும், 5 மி.மீ. கனமுள்ள மரச்சட்டத்தில் எமரித்தாளைச் சுற்றி இடைவெளிக்குள் விட்டு இழுத்தால், விளிம்பு தானாக 5 மி.மீ.க்கு வந்து நிற்கும். சாதாரண பட்டி, அதன் மேல் தோல் போலப் பூசிச் சமப்படுத்த மட்டுமே.

2 மி.மீ. உள்ள நெருக்கமான இடத்தில் தேய்த்துத்தான் ஆக வேண்டும். அங்கே முதலில் உட்புறத்தில் ஓர் அடுக்கு மேட்டை ஒட்டிக் கனமாக்கிக்கொண்டு, பிறகு வெளியே தேயுங்கள். வரிசையை மாற்றினால் விளிம்பு காகிதமாகிவிடும்.

பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகர்: ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) சோதனையில் மட்கார்டு விளிம்பு கூர்மை என்று தோல்வியடையச் செய்வார்களாமே? எவ்வளவு மழுக்க வேண்டும்?

வீட்டில் கட்டிய கார்களுக்கு 2009இல் எஸ்.வி.ஏ. என்ற பழைய சோதனைக்குப் பதிலாக வந்தது ஐ.வி.ஏ. நடந்து போகிறவர் மேல் வண்டி உரசினால் காயம் பெருகக் கூடாது என்பதே வெளிப்பகுதி விதியின் நோக்கம். எனவே அதை வீண் கெடுபிடியாக நினைக்காதீர்கள். 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை ஒன்று தொடக்கூடிய வெளிவிளிம்புகளும் புடைப்புகளும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். 3 மி.மீ. கனமுள்ள மட்கார்டின் வெட்டிய விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் அந்த ஆரம் கிடைக்காது. கணக்கே இடம் கொடுக்காது. ஆகவே விளிம்பை உள்ளே மடித்து வார்த்த பேனலாக இருக்க வேண்டும், அல்லது விளிம்பின் மேல் ரப்பர் பட்டையைச் செருக வேண்டும். ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 60க்கு மேற்படாத மென்மையான ரப்பருக்கு அந்த ஆர விதி பொருந்தாது. பட்டை கையால் இழுத்தால் வந்துவிடாதபடி ஒட்டியிருப்பது அவசியம்.

மட்கார்டு டயரின் அகலம் முழுவதையும் மூடுகிறதா என்பதோடு, சக்கர மையத்திலிருந்து முன்னால் 30 டிகிரியும் பின்னால் 50 டிகிரியும் மூடுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். ஸ்டீயரிங்கோடு திரும்பும் முன் மட்கார்டுகளாக இருந்தால், இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சஸ்பென்ஷனை மேலும் கீழும் கடைசிவரை ஆட்டி, எதிலும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே நிரந்தரத் துளை போடுங்கள்.

குரோய்டனிலிருந்து ஒரு வாசகர்: பின் விளக்குகளும் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகின்றன. ஒன்றைப் போட்டால் இன்னொன்று துடிக்கிறது. ஒயரிங் எல்லாம் சரியாக இருக்கிறது.

எர்த் ஒயர் இருக்கிறதா? இரும்பு உடற்பகுதியில் விளக்கின் போல்ட்டே எர்த் ஆகிவிடும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய சேசிஸ் புள்ளியில் பல் வாஷரோடு முடுக்குங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயின் உலோகக் கழுத்தையும் மறக்காமல் சேசிஸோடு இணைத்துவிடுங்கள், அங்கே நிலைமின் பொறி விழக் கூடாது. ஃபைபர் ரேடியோ அலையைத் தடுக்காது என்பது இதன் மறுபக்கம். 1953இல் வந்த முதல் செவ்ரோலே கார்வெட்டில் ஏரியலையே டிக்கி மூடிக்குள் வைத்துவிட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: நான் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் உள்ள என் தம்பி கிட் கார் கட்டுகிறான். பேனலைப் பழுதுபார்க்க என்னிடம் முறை கேட்கிறான். படகு வேலையும் கார் வேலையும் ஒன்றுதானா?

கை வேலை ஒன்றுதான். உங்கள் அளவுக்குப் பழகிய கை எந்தக் கேரேஜிலும் கிடைப்பது அரிது. ஆனால் நீங்கள் பழகிய சூழல் தம்பிக்கு இல்லை என்பதை மனத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் வெப்பம். நாகையின் 33 டிகிரியில், ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர் ஒரு சதவீதம் சேர்த்தாலே விரைவாக இறுக்கிவிடும். இங்கிலாந்தின் கேரேஜ் பனிக்காலத்தில் 8 டிகிரியில் கிடக்கும், அந்தக் குளிரில் ரெசின் அரைவேக்காடாகவே நிற்கும். அதற்காக ஹார்ட்னரை அள்ளி ஊற்றக் கூடாது. 2 சதவீதத்தைத் தாண்டாமல், இடத்தை 18 முதல் 20 டிகிரிக்குச் சூடாக்குவதே சரி. ரெசினையும் மேட்டையும் முந்தைய நாளே அந்த அறைக்குள் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கனம். படகுக்கு அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றுவீர்கள். கார் பேனல் பெரும்பாலும் 450 கிராம் மேட் இரண்டு அல்லது மூன்று அடுக்குதான், அதாவது 2 முதல் 3 மி.மீ. ரெசினை மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்குக்குள் நிறுத்தி, ரோலரால் காற்றுக்குமிழி இல்லாமல் உருட்ட வேண்டும். கூடுதல் ரெசின் பலம் தராது, உடையும் தன்மையைத்தான் தரும். பழுதுபார்த்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட மிகவும் கனமாகிவிட்டால், மெல்லிய பகுதியும் கனத்த பகுதியும் சேரும் கோட்டில் புதிய விரிசல் தொடங்கும். அடுக்குகளை ஒன்றைவிட ஒன்று சிறிதாக வெட்டிப் படிப்படியாக மெலியவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதை நீங்கள் நன்கு அறிவீர்கள், தம்பி அறியமாட்டார். நம் ஊர்ப் பட்டறைகளில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் ஹார்ட்னரும் தனித்தனியாக வரும். அவை இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். அங்கே கடையில் விற்கும் ரெசினில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் முன்பே கலந்திருக்கும். எனவே அவர் தனியாகக் கோபால்ட் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைப் பறித்துவிடக்கூடும். கண் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று அண்ணன் என்ற உரிமையோடு கண்டிப்பாகச் சொல்லுங்கள். தேய்க்கும்போது தூசி முகமூடி, ரெசின் வேலைக்கு ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது.

கோவென்ட்ரியிலிருந்து ஒரு வாசகர்: பேனல்களைப் பொருத்திய பின் பெயின்ட் அடிப்பதா, அடித்த பின் பொருத்துவதா? கறுப்பு நிறம் அடிக்க ஆசை.

பொருத்திப் பார்த்து, எல்லாத் துளைகளையும் போட்டு, இடைவெளிகளைச் சரிசெய்து, முடிந்தால் பெயின்ட் இல்லாமலேயே கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்த பிறகு, அனைத்தையும் கழற்றிப் பெயின்ட் அடிப்பதே நல்லது. பெயின்ட் அடித்த பேனலில் துளை போடும்போது கை நடுங்காதவர் யாரும் இல்லை.

அச்சிலிருந்து வந்த பேனலின் மேல் மெழுகு படிந்திருக்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, பரவி வழிந்தால் இல்லை. மெழுகை அதற்குரிய திரவத்தால் துடைத்தெடுத்த பிறகே வாட்டர் பேப்பரைத் தொடுங்கள். முதலிலேயே தேய்த்தால், மெழுகு கீறல்களுக்குள் இறங்கி, பெயின்ட் அங்கங்கே மீன்கண் போல விலகி நிற்கும். 320 எண் தாளால் நீர்விட்டுத் தேய்க்கும்போது ஊசிமுனைத் துளைகள் வெளிவரும். அவற்றை ஒவ்வொன்றாக நிரப்பி, எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

கறுப்பைப் பற்றி: அடிக்கலாம், ஆனால் பேனலுக்கு வயதாக வேண்டும். கறுப்புப் பரப்பு வெயிலில் வெள்ளையைவிட மிகவும் சூடேறும். முழுவதும் இறுகாத ரெசின் அந்தச் சூட்டில் மேலும் சுருங்கும்போது, உள்ளிருக்கும் மேட்டின் இழைவடிவம் பளபளப்பின் மேல் தெரியத் தொடங்கும். புதிய பேனலாக இருந்தால், சேசிஸின் மேலேயே ஒரு கோடைகாலம் வெயில் படும்படி வைத்திருந்துவிட்டு அடியுங்கள். கறுப்பு அடித்தால் விரிவும் சுருக்கமும் கூடும் என்பதால், நீள்துளைகளை இன்னும் தாராளமாக வையுங்கள். பெயின்ட் காய்ந்து மீண்டும் பொருத்தும்போது, துளைகளின் உட்சுவரில் படிந்திருக்கும் பெயின்ட்டை உருண்டை அரத்தால் எடுத்துவிட்டு, 8 மி.மீ. துளை இன்னும் 8 மி.மீ. தானா என்று அளந்து பார்த்த பிறகே முதல் போல்ட்டைச் செருகுங்கள்.